சீட்ல இல்லைங்க

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி முழுக்க இருந்த கம்பெனி, இப்போது விவேக் நகரில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றுக்குள் இருக்கிறது. முதலாளியிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய ஆட்கள் நூற்று நாற்பது பேரும் கோபிசெட்டிபாளையத்திலும் மைசூரிலும் திருப்பத்தூரிலும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, தொழிற்சாலைகளுக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வாடகை மாடியைத் திருப்பிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் வெளியாள் யாராவது கம்பெனியைக் கூப்பிட்டால், 080 என்று தொடங்கும் அந்தப் பழைய நம்பர் அடிப்பது மெர்சியின் வீட்டில்தான். கம்பெனிக்கென்று பெங்களூரில் மிச்சமிருப்பது அந்த நம்பரும் மெர்சியும் மட்டுமே.

மெர்சிக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம். அப்பா சவரிமுத்து சுரங்கத்தில் இருந்தார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோதே மகளை ரயிலேற்றி, பெங்களூரில் ஒரு அத்தை வீட்டில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து மெர்சிக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலைதான். இந்தக் கம்பெனியில் மட்டும் இருபத்திரண்டு வருஷம். கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசாமல் விட்டார்கள். அண்ணன் கிளெமென்ட் மஸ்கட்டில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று வீடியோ காலில் வருவான். அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

ஆபீசை மூடிய வாரம், போன் சர்வீஸ் கொடுக்கிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் கேபிளை இழுத்து, குழந்தை ஏசு படத்துக்குப் பக்கத்தில் சுவரில் துளை போட்டு, மூன்று விளக்கு எரியும் ஒரு பெட்டியை மாட்டினார்கள். கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். கேபிள் அறுந்தால் தாங்க, செல்போன் சிக்னலில் ஓடும் ஒரு டாங்கிள், அது ஃப்ரிட்ஜ் மேல். லேப்டாப்பும் காது இரண்டையும் மூடும் ஒரு ஹெட்செட்டும். முன்பு ஆபீசில் அவள் எதிரில் இருந்த டெலிபோன் போர்டு பெரிய மேஜை அளவு இருக்கும். அது செய்த வேலை முழுவதையும் இப்போது இந்த லேப்டாப் செய்கிறது. காலையில் ஒன்பது மணிக்கு லேப்டாப்பில் உள்ளே நுழைந்தால், ஆள் வேலையில் இருக்கிறது என்று பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். மூன்று மணிக்குள் எடுக்காத கால், தவறிய கால் என்று பதிவாகிவிடும். மூன்று மணி என்றால் மூன்று தடவை மணி அடிப்பது.

பின்னால் சத்தம் கேட்கக் கூடாது என்பது கட்டளை. அதனால் மெர்சி பகலில் குக்கருக்கு வெயிட் போடுவதில்லை. காலிங்பெல்லின் பேட்டரியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். வியாழக்கிழமைகளில் குழந்தை ஏசு கோயிலுக்கு ஊரே திரண்டு வரும். ஆட்டோ ஹாரனும் மெழுகுவத்தி விற்கிறவர்களின் கூவலும் தெருவை நிறைக்கும். அன்று முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருப்பாள். கோயிலே கதியென்று வளர்ந்த அவளுக்கு வாரத்தில் பிடிக்காத நாள் வியாழன் என்று ஆகிவிட்டது. இந்தப் பாவத்தைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அவள் தனியாக இருந்தாள். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். ஒரு நாளைக்கு எழுபது பேரோடு பேசுவாள். "குட் மார்னிங், யாருகிட்டப் பேசணும்? ஹேளி சார், சொல்லுங்க சார். ஒரு நிமிஷம், கொடுக்கறேன்." ஒவ்வொருவருக்கும் பதினைந்து வினாடி. எழுபது பேரோடு பேசிவிட்டு ஒருவரோடும் பேசாமல் நாள் முடியும்.

*

டெலிபோன் ஆபரேட்டர்களுக்கு என்று ஒரு சத்தியம் உண்டு. யாராவது வேலையை விட்டுப் போய்விட்டால், கேட்கிறவரிடம் 'போய்விட்டார்' என்று சொல்லக் கூடாது. வங்கிக்காரன் கேட்பான், போட்டிக் கம்பெனிக்காரன் கேட்பான், பெண் கொடுக்கப் போகிறவன் கேட்பான். எல்லோருக்கும் ஒரே பதில்: "சீட்ல இல்லைங்க. வந்தா சொல்றேன்." மெர்சிக்கு போர்டு வேலை பழக்கிவிட்ட மலையாளத்தி முதல் நாளே சொன்ன பாடம் அது. இப்போது சீட்டு என்று ஒன்று எங்கேயும் இல்லை. இருந்தாலும் வாய் பழகிய பழக்கம், மெர்சி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன ஆடி மாதம் ஒரு நாள் பகல் பதினொன்று பத்துக்கு அந்தக் கால் வந்தது.

"அல்லோ, ரகுராம் கீறானா?"

"எந்த ரகுராம் சார்?"

"என் புள்ளதாம்மா. அப்பாதுரைன்னு சொல்லு. குடியாத்தத்துலேர்ந்து அவங்க அப்பா பேசறேன்னு சொல்லு."

மெர்சி திரையில் பெயரைத் தேடினாள். இல்லை. ரகுராம் ஜூன் மாதமே விலகியிருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்ததே ஆபீசை மூடிய பிறகுதான். முகம்கூட அவளுக்குத் தெரியாது.

"சீட்ல இல்லைங்க சார். வந்தா சொல்றேன்."

"எப்ப வருவான்?"

"மீட்டிங்ல இருப்பாருங்க."

"செரி செரி. வேல பாக்கட்டும்."

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்காரும் நேரம் அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ கிழவர் கேட்டார்.

"ஏம்மா, தெனைக்கும் நீயே எடுக்கறியே, வேற ஆளு இல்லியா?"

"நான் ஒருத்திதாங்க சார்."

"அம்மாம்பெரிய ஆபீசுக்கு ஒரே ஆளா? அப்ப நீ நாஷ்டா எப்பத் துன்னுவ?"

அம்மா செத்ததற்குப் பிறகு மெர்சியை அப்படி யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக "சாப்பிட்டாச்சுங்க" என்று பழக்கி வைத்திருந்த நாக்கு, தங்கவயல் வீட்டு நாக்காக மாறிவிட்டது.

"துன்ட்டேன் சார்," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

"அட, நம்ம பக்கத்துப் பேச்சாக் கீதே! எந்த ஊரும்மா?"

"கேஜிஎஃப் சார். எங்க தாத்தா வூரு ஆம்பூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க."

"அப்ப சொந்தக்காரின்னு சொல்லு."

அதோடு முடிந்தது மெர்சியின் பதினைந்து வினாடிக் கணக்கு.

*

அப்பாதுரை பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். குடியாத்தத்துக்கு வடக்கே ஒரு கிராமம். ஒரு ஏக்கரில் வேர்க்கடலை, ஒரு பசு, ஒரு கன்றுக்குட்டி. மனைவி இறந்து ஐந்து வருஷம். ஒரே பிள்ளை ரகுராம். அவன் சிந்து என்ற வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, "இந்தப் படியை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவன் மிதிக்கவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். கிழவரிடம் இருந்தது அவன் எப்போதோ கொடுத்த கம்பெனி கார்டு ஒன்றுதான்.

"நான் சொன்னது கோவத்துல. அவன் எடுத்துக்கினது நெசமா," என்றார் ஒரு நாள். "டிரைவர் வேலைல கோவம் வந்தா ஹாரன் அடிப்போம். அத்தோட தீந்துடும். ஊட்ல ஹாரன் இல்லியே."

"வருவாரு சார். கோவம் எவ்ளோ நாளைக்கி இருக்கும்."

"அவன்கிட்ட சொன்னியா, நான் கூப்ட்டேன்னு?"

"சொன்னேன் சார். வேலை ஜாஸ்தியாம்."

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பொய். முதல் இரண்டு நிமிஷம் பிள்ளையைப் பற்றி. அது முடிந்ததும் இருவருக்கும் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

"இன்னிக்கி இன்னா கொழம்பு?"

"பீன்ஸ் போட்டு சாம்பார் சார். நீங்க?"

"நான் ஒருத்தன், எனக்கு இன்னா கொழம்பு. கேவுருக் கூழு. நேத்து பக்கத்தூட்டு கோவிந்தன் ஊட்டம்மா நெத்திலிக் கருவாடு குட்த்துச்சி, அத்தக் கடிச்சிக்கினேன். ஆனா ஒண்ணும்மா, இட்லி துன்னா எனக்கு நெஞ்சு எரிது. கூழு ஊத்தினாத்தான் வயிறு சும்மா கீது."

"புளிச்ச மாவா இருக்கும். அன்னன்னிக்கி அரைக்கணும் சார்."

"யாரு அரைக்கறது? பசுமாடா?"

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கீரையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டே பேசுவாள். அங்கே மழை பெய்தால் இங்கே வானத்தைப் பார்ப்பாள். கார்த்திகையில் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டபோது, மெர்சி பக்கத்து மருந்துக் கடைக்காரரைக் கேட்டு வந்து மருந்தின் பெயர் சொன்னாள். மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே மருந்தா என்று அவர் கேலி செய்தார், ஆனால் கொடுத்தார், நின்றது. அவளை அவர் 'மெர்சிம்மா' என்று கூப்பிடுவார். 'சி'யில் ஓர் அழுத்தம் இருக்கும். பதினொன்று பத்துக்கு முன்னால் அவள் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூம் போய்விட்டு, தலையைக்கூட ஒரு தரம் ஒதுக்கிக்கொண்டு உட்கார்வாள். போனில் தலை தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

*

ஏப்ரல் மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு திங்கட்கிழமை, வைஷ்ணவி என்ற பெண் விடுமுறை விஷயமாக மெர்சியைக் கூப்பிட்டாள். அவள் ரகுராமோடு ஒரே குழுவில் வேலை பார்த்தவள் என்று பேச்சில் தெரிய வந்தது. மெர்சி யோசிக்காமல் கேட்டுவிட்டாள். வைஷ்ணவி நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

மெர்சி அப்போதே அவனைக் கூப்பிட்டாள். அந்த நல்ல எண்ணத்தை அவள் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

"அப்பாவா?" என்றான் ரகுராம். "தினமுமா கூப்பிடறார்?"

"தெனமும். பதினோரு மணிக்கு."

"எனக்குத் தெரியாது மேடம். யாரும் சொல்லல." அவன் குரல் கரகரத்தது. "அவர்கிட்ட என் நம்பரக் குடுத்துடுங்க. நானே கூப்பிடலாம். ஆனா போகச் சொன்னது அவரு. முதல்ல ஒரு வார்த்த அவர் பேசட்டும், போதும். ஓடிப் போயிடுவேன். குழந்த பொறந்திருக்கு மேடம், பையன். மே அஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழம பேர் வெக்கிறோம். அவர் கூப்பிட்டார்னா, தாத்தா மடியில வெச்சுத்தான் பேர் சொல்லணும்."

"இன்னிக்கே குடுத்துடறேன் தம்பி," என்றாள் மெர்சி.

பதினொன்று பத்துக்குக் கால் வந்தது.

"எம்மா, இன்னிக்கி இன்னா வெயிலு! கெணத்துல தண்ணி தரையப் பாக்குது. நீ மோர் குடிச்சியா?"

நம்பர் எதிரே ஒரு துண்டுத் தாளில் இருந்தது. சொல்ல வேண்டியது பத்து எண்கள். சொன்னால் அவர் வைத்துவிட்டு மகனைக் கூப்பிடுவார். நாளை பதினொன்று பத்துக்கு மகனைக் கூப்பிடுவார். அதற்கு மறுநாளும். அப்புறம் இந்தக் கம்பெனியை அவர் எதற்குக் கூப்பிடப் போகிறார்?

"குடிச்சேன் சார்," என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

மறுநாளும் நாளைக்கு என்றே நினைத்தாள். அந்த வாரம் போயிற்று. இரண்டாம் வாரம் சனிக்கிழமை, மறுநாள்தான் பெயர் வைக்கும் நாள் என்று தெரிந்தும், கிழவர் வேர்க்கடலைக்கு விதை வாங்கிய கதையைச் சொல்லி முடிக்கும்வரை 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். நற்கருணை வாங்க வரிசையில் நின்று, தன் முறை வரும்போது ஒதுங்கி வெளியே வந்துவிட்டாள். கெட்டவளா நான் என்று யாரையாவது கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே ஆள் குடியாத்தத்தில் இருந்தார்.

ரகுராம் திரும்பக் கூப்பிடவில்லை. நம்பர் கிடைத்தும் அப்பா பேசவில்லை என்று நினைத்திருப்பான் என்று மெர்சி எண்ணிக்கொண்டாள். அந்த வைராக்கியமும் அப்பனிடமிருந்து வந்ததுதானே.

*

பெயர் வைக்கும் நாள் கழிந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை சாயந்தரம் மேனேஜர் கார்த்திகேசன் கூப்பிட்டான். கோபிசெட்டிபாளையத்தில் அப்பா அம்மாவோடு இருந்து வேலை பார்க்கிறவன். நல்ல பையன்தான்.

"மேடம், நல்லா இருக்கறீங்ளா? ஒண்ணுமில்லீங்க. போன் சர்வீஸ்காரங்க மாசாமாசம் ஒரு ரிப்போர்ட் அனுப்புவாங்க. எப்பவும் பாக்கறதில்லீங்க, இந்த வாட்டி பாத்தனுங்க. ஒரே நம்பர்லருந்து தினமும் கால் வருதுங்க. ஒண்ணுகூட யாருக்கும் மாத்திக் குடுக்கல. பதினோரு நிமிஷம், பன்னெண்டு நிமிஷம் போவுதுங்க. யாருங்க அது?"

"பழைய ஸ்டாஃப் ஒருத்தரோட அப்பா சார்."

"ரெண்டு ரெக்கார்டிங் கேட்டனுங்க. தப்பா ஒண்ணுமில்லீங்க. கீரை ஆயறதப் பத்திப் பேசிட்டு இருக்கறீங்க."

குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போல மெர்சிக்கு உடம்பு கூசியது. ஒவ்வொரு பேச்சும் பதிவாகிறது என்பது அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷ ஆபரேட்டருக்குத் தெரியாததா. ஆனால் தெரிந்தது மறந்துபோயிருந்தது.

"அந்த நேரத்துல நாலு கஸ்டமர் கால் தவறிப் போயிருக்குதுங்க. மேல இருக்கறவங்க கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம். அதனால அந்த நம்பர நான் பிளாக் பண்ணிட்டனுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லீங்க அவருக்கு."

"எப்ப சார் பண்ணீங்க?"

"இப்பத்தானுங்க. ஒரு கிளிக்குதானுங்க." அவன் வைக்கவில்லை. "மேடம், பெங்களூர்ல மழைங்ளா?"

"தூறுது சார்."

"இங்க காயுதுங்க," என்றான். இன்னும் ஏதோ பேச நினைத்தவன் போல இருந்தான். பிறகு வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு மெர்சி உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமையும் உட்கார்ந்திருந்தாள். இடையில் பத்ராவதியிலிருந்து ஒரு சர்க்கரை ஆலைக்காரர் கூப்பிட்டுக் கன்னடத்தில் சத்தம் போட்டார். அவரை மாற்றிக் கொடுத்தாள். சோறு இறங்கவில்லை. குடியாத்தத்தில் ஒரு மனிதர் பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெளியே கோயில் கூட்டத்தின் இரைச்சல். பதினொரு மணிக்கு அவள் லேப்டாப்பில் 'பிரேக்' போட்டாள். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். தன் சொந்த செல்போனை எடுத்தாள். அவர் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

"யாரு?"

"மெர்சி பேசறேன் சார்."

"எம்மா! இன்னாம்மா ஆச்சி? ரெண்டு நாளா அடிச்சி அடிச்சிப் பாக்கறேன், ஒரு பொம்பள இங்கிலீசுல இன்னாத்தயோ சொல்லிட்டு வெச்சிட்றா. ஒனக்குத்தான் ஒடம்பு கிடம்பு செரியில்லியோன்னு பயந்துக்கினு கீறேன். ஒன் ஊடு எங்கன்னுகூடத் தெரியாது, யாரப் போய்க் கேக்கறது?"

"நல்லாத்தான் கீறேன் சார். கம்பெனில உங்க நம்பர நிறுத்திட்டாங்க."

"ஏனாம்?"

"ரகுராம் அங்க இல்ல சார். போன வருசம் ஜூன்லயே வேலைய உட்டுட்டாரு. நான் சீட்ல இல்ல, சீட்ல இல்லன்னு உங்ககிட்ட பொய் சொல்லிக்கினே கீறேன்."

கிழவர் இருமினார். பிறகு சிரிக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும்."

"என்ன சார்?"

"தை மாசமே தெரியும். ஓசூர்ல கோவிந்தன் மவன் கீறான், அவன் விசாரிச்சிச் சொன்னான். எந்தக் கம்பெனிக்குப் போனான்னுதான் தெரில."

"அப்ப ஏன் சார் கூப்ட்டீங்க?"

"இது ஒரு கேள்வியா? ஒருத்தி தெனைக்கும் நமக்கோசரம் உக்காந்து பொய் சொல்லிக்கினு கீறா, துன்னியா தூங்கினியான்னு கேக்கறா. நான் கூப்டலன்னா நீ யாராண்ட பேசுவ?"

மெர்சிக்குக் கண்ணீர் கொட்டியது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நாளை முதல் கம்பெனித் தயவில்லாமல் சொந்த போனிலேயே அவர்கள் பேசலாம். ரெக்கார்டிங் இல்லை, ரிப்போர்ட் இல்லை. துண்டுத் தாளை யாரும் பார்க்கவில்லை. அவரே எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கத் தயாராக இருந்தார். அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னொண்ணு கீது. ரகுராம் நம்பர் எங்கிட்ட கீது."

"அட! எப்பக் கெடச்சுது?"

நேற்று என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்.

"இருபத்திநாலு நாள் ஆச்சி."

அவர் மேலே கேட்பதற்குள் மெர்சியே தொடர்ந்தாள்.

"அவராண்ட பேசினேன் சார். உங்களாண்ட குடுக்கச் சொன்னாரு. நீங்க பேசினா ஓடியாந்துடறேன்னாரு. கொழந்த பொறந்துக்குது. பையன். அஞ்சாந்தேதி பேர் வெக்கிறோம், தாத்தா மடில வெச்சித்தான் வெக்கணும்னு சொன்னாரு."

"அஞ்சாந்தேதி பூட்ச்சே."

"பூட்ச்சி சார்."

"இன்னா பேர் வெச்சாங்க?"

"தெரியாது சார்."

மாடு கத்துவது கேட்டது. அவர் அதை அதட்டவில்லை. வழக்கமாக அதட்டுவார்.

"ஏம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"குடுத்துட்டா அப்பறம் நீங்க என்னக் கூப்ட மாட்டீங்கன்னு."

வைத்துவிட்டாரோ என்று மெர்சி போனைப் பார்த்தாள். நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒருத்தனாக் கீறேன்னு எல்லாரயும்விட ஒனக்குத்தான தெரியும்," என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "நம்பர் சொல்லு."

காகிதம் இல்லை போலிருக்கிறது, கரியோ எதுவோ எடுத்துச் சுவரில் கிறுக்கும் சத்தம் வந்தது. அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பத்து எண்ணிலும் ஒரு தடவைகூட 'அம்மா' வரவில்லை. முடிந்ததும் வைத்துவிட்டார்.

மெர்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பச்சைப் புள்ளியைப் போட்டாள்.

*

சாயந்தரம் ஐந்து மணிக்குக் கம்பெனி நம்பரிலேயே ரகுராம் வந்தான். திரையில் அவன் நம்பர் தெரிந்தது. திட்டட்டும், திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று எடுத்தாள்.

"மேடம், ரகுராம் பேசறேன். அப்பா பேசினார்."

"சொல்லுங்க தம்பி."

"ஒரு மணி நேரம் பேசினோம். ரொம்ப அழுதுட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல." அவன் மூக்கை உறிஞ்சினான். "உங்களத் தப்பா நெனச்சுட்டேன் மேடம். நீங்க அவருக்குச் சொல்லவே இல்லன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்க. நீங்க அன்னிக்கே நம்பர் குடுத்துட்டீங்களாமே."

மெர்சி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"அவர்தான் வீம்புல உக்காந்துட்டாராம். 'நம்பர் கையிலதாண்டா இருந்துச்சி, பேச வாய் வரல, பேர் வெக்கிற நாளக்கூட உட்டுட்டேன்'னு சொன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு மேடம். பேரப்புள்ளையவிட வீம்பு பெருசான்னு கொஞ்சம் வாய் விட்டுட்டேன். ஒண்ணும் திருப்பிச் சொல்லல. ஆமாண்டா, தப்புதாண்டான்னு கேட்டுக்கிட்டார். அப்பறம் எனக்கே மனசு கேக்கல."

உண்மையைச் சொல்ல மெர்சிக்கு வாய் திறந்தது. சொன்னால், மகனிடம் திரும்பிய முதல் நாளே கிழவர் பொய்க்காரராகிவிடுவார். சொல்லாவிட்டால், அவர் வாங்கிக்கொண்ட திட்டு அவருடையதாகவே இருந்துவிடும். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"சனிக்கிழம போய் அப்பாவக் கூட்டிட்டு வரேன். மாட்ட கோவிந்தன் மாமா பாத்துக்கறாராம். உங்களையும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடணும்னு சிந்து சொன்னா. உங்க பேர் என்னன்னு அப்பாகிட்டக் கேட்டேன். தெரியாதுடா, ஆபீஸ்ல யாரோ ஒரு பொம்பளன்னுட்டார். உங்க பேர் என்ன மேடம்?"

மெர்சி சுவரில் இருந்த பெட்டியின் மூன்று விளக்குகளைப் பார்த்தாள். மூன்றும் எரிந்துகொண்டிருந்தன.

"பேரெல்லாம் எதுக்குத் தம்பி," என்றாள். "கொழந்தைக்கு என்ன பேர் வெச்சீங்க?"

"கவின்."

"நல்ல பேரு." கொஞ்சம் தயங்கினாள். "தம்பி, அப்பாவுக்குக் காலைல இட்லி குடுக்காதீங்க. நெஞ்சு எரியும். கேவுருக் கூழுதான் அவருக்கு ஒத்துக்கும். இடது முழங்கால்ல வலி, மாடிப்படி ஏற விடாதீங்க. ராத்திரி ஒரு தரம் எழுந்திருப்பாரு, ஒரு லைட்டு எரியட்டும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"இன்னொரு கால் வருதுங்க," என்று சொல்லி மெர்சி வைத்துவிட்டாள்.

கால் ஒன்றும் வரவில்லை. ஆறு மணிக்கு அவள் லேப்டாப்பை மூடும்வரை யாரும் கூப்பிடவில்லை.